வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு ஏன் கனடா மாதிரி ஒரு எண் வைக்கக் கூடாது?

கேள்வி நீளமானது, சாரத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாம் வெளியாட்களுக்கு ஒரு கணக்கு வைத்துத்தான் உள்ளே விடுகின்றன, தமிழ்நாடு மட்டும் ஏன் வடமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு வரம்பு வைக்கக் கூடாது, ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனாலும் இந்திதான் காதில் விழுகிறது, என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து மூன்று கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்துவிட்டான், இன்னும் நிரந்தரம் இல்லை, பேசாமல் அவனையும் கனடாவுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகக் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்காரர் வருவதற்கு எண் வைக்க முடியாது. இந்தியாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்ற உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் கொடுத்திருக்கிறது. சரி, வரட்டும், வேலையில் மட்டும் உள்ளூர் ஆட்களுக்கு ஒதுக்கீடு வைப்போம் என்று சில மாநிலங்கள் முயன்றன. ஆந்திரா 2019இல் தனியார் தொழிற்சாலைகளில் 75 சதவீதம் என்று சட்டம் போட்டது. ஹரியானா மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலைகளில் 75 சதவீதம் என்று கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. கர்நாடகா 2024 ஜூலையில் அமைச்சரவையில் ஒப்புக்கொண்ட மசோதாவைத் தொழில் நிறுவனங்கள் எதிர்த்ததும் அப்படியே நிறுத்தி வைத்தது. நம் ஊரில் 2021 திமுக தேர்தல் அறிக்கையிலும் 75 சதவீத வாக்குறுதி இருந்தது, சட்டமாக வரவில்லை. வந்திருந்தாலும் ஹரியானாவுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆனால் உங்கள் கோபம் சட்டத்தைப் பற்றியது இல்லை என்பது புரிகிறது. எண் வைத்த நாடுகளில் அந்த எண் என்ன செய்தது என்று பார்த்தால்தான் நாம் கேட்க வேண்டியது எது என்று தெரியும். அதனால் கனடாவைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கனடாவில் குடியேற்ற அமைச்சர் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1க்குள் நாடாளுமன்றத்தில் ஒரு திட்டம் வைப்பார். அடுத்த வருஷம் எத்தனை பேருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, அதில் வேலைத்திறன் பார்த்து எத்தனை, குடும்பத்தோடு சேர எத்தனை, அகதிகள் எத்தனை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். 2023க்கு இலக்கு 4,65,000. கிடைத்தவர்கள் சுமார் 4,71,000. அரசாங்கத் திட்டம் ஒன்று இவ்வளவு துல்லியமாக நடப்பது அபூர்வம். அதே 2023இல் கனடாவின் மக்கள்தொகை ஏறியது எவ்வளவு தெரியுமா? 12.7 லட்சம், அதாவது 3.2 சதவீதம். 1957க்குப் பிறகு அந்த வேகத்தில் ஏறியதே இல்லை. மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள்? மாணவர் விசா, தற்காலிக வேலை அனுமதி, படிப்பு முடித்தபின் கிடைக்கும் வேலை அனுமதி. இவை எதற்கும் அப்போது அந்தத் திட்டத்தில் மொத்த வரம்பே இல்லை. முன்வாசலில் ஆளை எண்ணி எண்ணி விட்டார்கள், பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

அந்தக் கதவு தானாகத் திறந்து கிடக்கவில்லை, அதைத் திறந்து வைத்தவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒன்டாரியோ மாகாண அரசு 2019இல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே உறைய வைத்தது, கல்லூரிகளுக்குக் கொடுக்கும் மானியத்தையும் அதற்கேற்ப ஏற்றவில்லை. கல்லூரிகள் அந்தப் பள்ளத்தைப் பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் நம் ஊரிலிருந்தும் வந்த பிள்ளைகளின் கட்டணத்தில் நிரப்பின. கொரோனாவுக்குப் பிறகு ஹோட்டல், கடை, கிடங்குக்காரர்கள் ஆள் இல்லை என்று சத்தம் போட்டார்கள். 2022 ஏப்ரலில் குறைந்த கூலி வேலைகளில் வெளிநாட்டுத் தற்காலிகத் தொழிலாளர் விகிதத்தை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள், சில துறைகளில் 30. அதே வருஷம் நவம்பரில் மாணவர்கள் வாரம் 20 மணி நேரம்தான் வெளியே வேலை பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். கூலியை ஏற்றாமல் ஆள் கிடைத்ததால் முதலாளிக்குச் சந்தோஷம், கட்டணம் வந்ததால் கல்லூரிக்குச் சந்தோஷம், மானியம் மிச்சமானதால் மாகாண அரசுக்கும் சந்தோஷம். வீட்டு வாடகை தலைக்கு மேல் போனபோது பழி மட்டும் ஒரு நிலவறையில் ஆறு பேராகத் தங்கிப் படித்த பையன் மேல் விழுந்தது.

பிறகு தடாலடியாகத் திருப்பினார்கள். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு. அந்த அக்டோபரில் நிரந்தர அனுமதி இலக்கே 2025க்கு 5 லட்சம் என்றிருந்தது 3,95,000 ஆனது, 2026க்கு 3,80,000, 2027க்கு 3,65,000. தற்காலிகமாக இருப்பவர்களை மக்கள்தொகையில் 5 சதவீதமாகக் குறைப்பதாகவும் அறிவித்தார்கள். ஒன்டாரியோ கல்லூரிகளில் படிப்புகளை மூடினார்கள், ஆட்களை வேலையை விட்டு எடுத்தார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போன பிள்ளைகள் நடுவழியில் நிற்கிறார்கள்.

பிரிட்டனிலும் வேறு வடிவத்தில் இதுவேதான். நிகரக் குடியேற்றத்தை, அதாவது வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த கணக்கை, ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவேன் என்று டேவிட் கேமரூன் 2010இல் சொன்னார், ஒரு வருஷம்கூட அது நடக்கவில்லை. 2023 ஜூனோடு முடிந்த ஓராண்டுக் கணக்கு திருத்தியபின் 9 லட்சத்தைத் தாண்டியது. முதியோர் பராமரிப்புக்கு ஆள் இல்லை என்று 2022 பிப்ரவரியில் விசாவைத் திறந்தார்கள். அந்தத் துறையில் ஆள் நிற்காததற்குக் காரணம் சம்பளம் குறைவு, சம்பளத்தை ஏற்றுங்கள் என்று அரசின் சொந்த ஆலோசனைக் குழுவே அந்த ஏப்ரலில் எழுதிக் கொடுத்தது. ஏற்றவில்லை. கேரளாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவர்களில் பலர் அங்கே போய்ப் பார்த்தால் சொன்ன வேலை இல்லை. 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்து வரத் தடை, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களை எடுப்பதற்கே முற்றுப்புள்ளி. அந்த வேலையின் சம்பளம் மட்டும் இன்னும் அங்கே அடிமட்டத்தில்தான் கிடக்கிறது.

சிங்கப்பூரை நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் போயிருப்பார். அங்கே நடப்பது சுவாரசியமானது. வேலை அனுமதியில் வருகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு எண் கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் விகிதம் உண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் அரசுக்குக் கட்ட வேண்டிய மாதத் தீர்வை உண்டு. கட்டுமானத்தில் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஏழு வெளிநாட்டவர் என்று இருந்ததை 2024 ஜனவரியில் ஐந்தாகக் குறைத்தார்கள். நம் ஆட்களுக்கு, ஸ்கில் கூடுதலாக இருந்தால் மாதம் 500 வெள்ளி தீர்வை, அடிப்படை ஸ்கில் என்றால் 900 வெள்ளி. அதாவது மலிவான, பழகாத ஆளை வைத்திருப்பது முதலாளிக்குச் செலவு, பழகிய ஆளை வைத்திருப்பது லாபம். இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கிற ஊரிலேயே 2030இல் மக்கள்தொகை 69 லட்சம் ஆகலாம் என்று 2013இல் ஓர் அரசு அறிக்கை வந்ததும் ஜனங்கள் ஹாங் லிம் பூங்காவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எண்ணிக்கையைக் கச்சிதமாக வைத்திருந்ததால் தொழிலாளி நன்றாக வாழ்ந்தார் என்றும் இல்லை. 2020இல் அங்கே கொரோனா வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் டார்மிட்டரிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்த தொழிலாளர்கள்.

ஆக, ஆளின் விலையும் ஆளை எடுக்கும் விதமும் என்னவோ அதற்கேற்பத்தான் எண்ணிக்கை அமைகிறது. சட்டசபையில் போடும் எண் அதற்குப் பின்னால்தான் ஓடுகிறது. இப்போது ஒரகடத்துக்கு வருவோம்.

வடநாட்டுப் பையன்கள் குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று சொல்கிறோம். கான்ட்ராக்டர் கொடுக்கும் கொட்டேஷனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலான இடங்களில் நாள் ரேட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் பிஎஃப் 13 சதவீதம், இஎஸ்ஐ 3.25, போனஸ் 8.33, அப்புறம் கான்ட்ராக்டர் கமிஷன். செங்கல்பட்டுப் பையன் வந்தாலும் பீகாரின் சாப்ரா பையன் வந்தாலும் காகிதத்தில் இதே கணக்குதான். வித்தியாசம் எட்டு மணி நேரம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு இரட்டைச் சம்பளம். 550 ரூபாய் எட்டு மணி நேரத்துக்கு என்றால் மணிக்கு 68.75, இரட்டிப்பு 137.50, நாலு மணி நேரத்துக்கு 550. பன்னிரண்டு மணி ஷிஃப்ட் பார்த்தவருக்கு 1,100 ரூபாய் வர வேண்டும். கையில் கொடுப்பது பல இடங்களில் 825, அதாவது ஓவர்டைமும் (ஓடி என்போம்) ஒற்றை ரேட்டில். ஒரு ஆளுக்கு நாளைக்கு 275 ரூபாய் மிச்சம். நூறு பேர் வைத்திருக்கும் கான்ட்ராக்டில் 26 நாளைக்கு 7,15,000 ரூபாய். அந்த மிச்சத்தைக் கான்ட்ராக்டரும் கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ரேட் பேசும்போதே அது உள்ளே அடங்கியிருக்கும். பழைய ஃபேக்டரி சட்டப்படி காலாண்டுக்கே 50 மணி நேரம்தான் ஓடி. இங்கே மாதத்துக்கே நூறைத் தாண்டும். மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், எட்டு மணி நேரம் என்று எழுதியிருக்கும்.

இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை யார் பார்ப்பார்? வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற பையனால் முடியாது. போக வர மூன்று மணி நேரம், வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குப் பேச்சு எடுத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச், பொங்கலுக்கு நாலு நாள். நியாயமான வாழ்க்கை அது. கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு தங்கி, இரண்டு ஷிஃப்ட்காரர்கள் ஒரே பாயை மாற்றி மாற்றிப் போட்டுப் படுத்து, வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிற இருபது வயதுப் பையனால் முடிகிறது. அவனுக்கு வேண்டியதும் அந்த ஓடிதான், அதில்தான் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சும். தமிழ் தெரியாது, லேபர் ஆபீஸ் எங்கே என்று தெரியாது, யூனியனுக்குப் போகமாட்டான். ஆள் எடுப்பவர்களின் மொழியில் இதற்குத் 'தொந்தரவு இல்லாத ஆள்' என்று பெயர். இந்தச் சொல்லைக் கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். தொந்தரவு இல்லாத ஆளை இப்படி உருவாக்கி வைத்திருக்கும் வரை, உள்ளூர்ப் பையன் போட்டியில் நிற்கவே முடியாது. இரட்டை ஓடியை ஒழுங்காக அமல்படுத்திப் பாருங்கள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு இருக்கும் கவர்ச்சி பாதிக்கு மேல் போய்விடும். மூன்று எட்டு மணி நேர ஷிஃப்ட் போடுவதுதான் மலிவு என்று ஆகிவிடும், அப்போது வாலாஜாபாத் பையனும் சாப்ரா பையனும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்லது. ஆனால் சட்டத்தில் வராத 12 மணி நேரம் ஷெட்டுகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் குரல் எழுப்பவில்லை. வடநாட்டுக்காரர்களைப் பற்றிப் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை மஸ்டர் ரோலைப் பற்றிப் பேசியிருந்தால் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கும்.

உங்கள் தம்பி விஷயமும் இதிலேயே வருகிறது. அவருடைய இடத்தை பீகார்ப் பையன் எடுத்துக்கொள்ளவில்லை. டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கம்பெனி வேறு வாசல் வைத்திருக்கிறது: அப்ரண்டிஸ், ட்ரெய்னி, ஃபிக்ஸட் டெர்ம். நீம் என்று ஒரு திட்டம் இருந்தபோது அந்தப் பெயரில் எடுத்தார்கள், இப்போது வேறு பெயரில் எடுக்கிறார்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளி கிடையாது, அவருக்கு உதவித்தொகைதான், பிஎஃப் கட்ட வேண்டியதில்லை. கற்றுக்கொடுக்க வந்த சட்டம் அது, நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு வருஷம் லைனில் நிறுத்தி, ஆபரேட்டர் செய்யும் அதே வேலையை வாங்கிவிட்டு, சான்றிதழ் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச் எடுத்தால் அதற்குப் பயிற்சி என்று பெயரில்லை. உங்கள் தம்பி மூன்று கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தார் என்றால் மூன்று கம்பெனியும் அவரிடம் முழு வேலை வாங்கியிருக்கின்றன என்று அர்த்தம். நிரந்தர வேலை என்ற ஒன்றையே சுருக்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பையனை ட்ரெய்னியாக, வெளியூர்ப் பையனைக் கான்ட்ராக்டாக வைத்து இரண்டு பேரையும் ஒருவரை ஒருவர் முறைக்க விட்டிருக்கிறார்கள்.

தமிழன் சோம்பேறி ஆகிவிட்டான், டாஸ்மாக்கில் கிடக்கிறான், அதனால்தான் வடநாட்டு ஆள் என்று ஒரு பேச்சு உண்டு. முதலாளிகள் மட்டுமில்லை, நம் வீட்டுப் பெரியவர்களே சொல்கிறார்கள். இங்கே சென்ட்ரிங் வேலைக்கு வராத அதே வயதுப் பையன் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, ஸ்கில் டெஸ்ட் எழுதி, சிங்கப்பூர் வெயிலில் அதே கம்பியைக் கட்டுகிறான். கூலி ஒத்து வந்தால் வேலை பார்க்கிறான், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் வெளியாட்கள் வருவது நிற்குமா? நிற்காது, நிற்கவும் கூடாது. இந்த இடத்தில்தான் உங்களோடு நான் முழுதாக மாறுபடுகிறேன். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை, பீகாரில் 3. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைகிறார்கள், நம் தெருவிலேயே பார்க்கலாம். பிறக்கும் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போகிறார்கள்: 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இங்கே 47 சதவீதம், நாடு முழுக்கப் பார்த்தால் 28 சொச்சம். அது நம் பெருமை, காமராஜர் காலத்திலிருந்து மதிய உணவு போட்டுச் சேர்த்த சொத்து. கல்லூரி முடித்த பெண்ணை மீன் பதப்படுத்தும் கூடத்தில் நில் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இன்னொரு பக்கம் நாட்டின் தொழிற்சாலைப் பணியாளர்களில் 15 சதவீதம் பேர் இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறார்கள். 2031இல் இங்கே நூற்றில் 18 பேர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஆஸ்பத்திரியில் இரவு உட்கார, லிஃப்ட் சரிபார்க்க, மெட்ரோ சுரங்கம் தோண்ட யார் வேண்டும் என்று இப்போதே யோசித்தாக வேண்டும்.

யோசிக்க முதலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 2015 வாக்கில் தொழிலாளர் துறை எடுத்த கணக்கில் சுமார் 10.67 லட்சம் பேர். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள், சிலர் அரைக்கோடி என்றுகூடச் சொல்கிறார்கள். 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை, அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். 2020 ஊரடங்கில் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர எல்லையை நோக்கி மூட்டை முடிச்சோடு நடந்தவர்களைப் பார்த்துத்தான் இத்தனை பேர் நம்மோடு இருந்தார்களா என்று அரசாங்கத்துக்கே உறைத்தது. எண்ணிக்கை தெரியாத இடத்தில் வதந்தி எளிதாக நுழைந்துவிடும். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, ஹோலிக்குப் போனவர்கள் திரும்பி வரப் பயந்து, திருப்பூரிலும் சென்னையிலும் அதிகாரிகள் இந்தியில் பேசி தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மாநிலத்தின் கையில் இருப்பதைச் சொல்கிறேன். 1979 மாநிலங்களுக்கிடையிலான தொழிலாளர் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: ஆளைக் கூட்டிவரும் கான்ட்ராக்டர் இடப்பெயர்ச்சிப் படியாக மாதக் கூலியில் பாதியைக் கொடுக்க வேண்டும், போக வரப் பயணச் செலவும் கொடுக்க வேண்டும். ஏட்டளவில் வெளியாள் மலிவாக இருக்க முடியாது. யாரும் அதை அமல்படுத்தவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அந்த இடப்பெயர்ச்சிப் படியே இல்லை, ஆனால் தானாக வந்து வேலையில் சேர்ந்தவர்களும் 18,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் புலம்பெயர் தொழிலாளி என்ற கணக்கில் வருகிறார்கள். இதை வைத்து ஒவ்வொரு கான்ட்ராக்டரிடமும் பெயர்ப் பட்டியல் வாங்கலாம். கூலியும் ஓடியும் வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும், பயோமெட்ரிக் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஆய்வாளர்கள் பிடிவாதம் பிடிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், லேபர் டிபார்ட்மெண்டில் காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்பினால் போதும்.

தங்குமிடமும் அப்படித்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் நோய்ப்பட்ட பிறகு ஃபாக்ஸ்கான் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தது. ஒழுங்கான கட்டில், கேன்டீன், காற்றோட்டம். செய்ய முடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தீர்வை நலவாரியத்துக்குப் போகிறது, கட்டடத் தொழிலாளர்களுக்கும் இதே மாதிரி கட்ட அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுக்கலாம்.

பயிற்சியில்தான் நமக்குத் திட்டம் என்பதே இல்லை என்பேன். 2,877 கோடியில் 71 அரசு ஐடிஐக்களை மேம்படுத்தினார்கள், ரோபோ, சிஎன்சி எல்லாம் வந்திருக்கிறது, பாராட்ட வேண்டிய வேலை. 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் அடுத்த ஐந்து வருஷத்தில் இந்த மாநிலத்துக்கு எத்தனை வெல்டர், எத்தனை எலக்ட்ரீஷியன், எத்தனை முதியோர் பராமரிப்பாளர் வேண்டும், அதில் எத்தனை பேரை நாமே உருவாக்குவோம், எத்தனை பேர் வெளியிலிருந்து வருவார்கள் என்று ஒரு பக்கக் கணக்கு பொதுவெளியில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 2022இல் ஓர் அமைப்பை வைத்தார்கள், எந்தத் தொழிலுக்கு ஆள் பற்றாக்குறை என்று வருஷா வருஷம் பட்டியல் போடுகிறது, விசாவும் பயிற்சி நிதியும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நகர்கின்றன. கனடாவிடமிருந்து எண்ணைக் காப்பி அடிப்பதைவிட இதைக் காப்பி அடிக்கலாம்.

கடைசியாக உங்கள் தம்பி. கனடாவுக்கு இப்போது கல்லூரி டிப்ளமோ வழியில் அனுப்பாதீர்கள். கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 டாலர் காட்ட வேண்டும், 2024 நவம்பருக்குப் பிறகு கல்லூரிப் படிப்பில் சேர்கிறவர்களுக்கு ஆள் தேவைப்படும் துறையில் படித்திருந்தால்தான் படிப்புக்குப் பின் வேலை அனுமதி. இரண்டு வருஷத்தில் விதி மறுபடி மாறினால் கடன் உங்கள் தலையில். வெளிநாடுதான் என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறன் வேலை விசாவை வருஷத்துக்கு 20,000லிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள், டிப்ளமோ மெக்கானிக்கலுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் மொழி வேண்டும். சென்னையிலேயே கோத்தே நிறுவனம் இருக்கிறது, ஜெர்மன் மொழியில் பி1 நிலை வரை படிக்கச் சொல்லுங்கள், ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. ஏஜெண்ட் யார் வந்தாலும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் என்ன வேலை வந்திருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

இங்கேயே இருக்கிறார் என்றால் இன்னொரு ட்ரெய்னி வேலைக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டாம். பழைய மூன்று கம்பெனியிலும் என்ன மெஷினில் எவ்வளவு நாள் வேலை பார்த்தார் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், பிஎஃப் எண் இருந்ததா, எதற்கெல்லாம் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பாஸ்புக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடி பார்த்த நாட்களின் பஸ் டைம், கேட் பாஸ், வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் அனுப்பிய ஷிஃப்ட் லிஸ்ட் எதையும் அழிக்க வேண்டாம், லேபர் ஆபீஸில் மனு கொடுக்கும்போது அவைதான் சாட்சி.